ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு

— மம்மி, ஃப்ரிட்ஜ் எங்க?

— மெதுவாப் பேசுட்டி. பக்கத்து வீட்டு டக்ளஸ் அங்கிள்கிட்ட கொண்டு வச்சிருக்கு. அவரும் மவனும்தான் தூக்கிட்டுப் போனாவ.

— அரே, எதுக்கு?

— எதுக்கா? உனக்கு ஸ்காலர்ஷிப் குடுக்குத ட்ரஸ்ட்டுலேர்ந்து பாமா மேடம் போன் பண்ணுனாவ. இப்ப வீட்டுக்கு வாறாவளாம். ஃப்ரிட்ஜப் பாத்தா, இவுங்களுக்கு என்ன கொறச்சல்னு நிறுத்திப்புடுவாவ. அப்புறம் உன் இன்ஜினியரிங் அம்போதான்.

— அது கர்னல் வீட்டு ஆன்ட்டி வேற ஊருக்கு போஸ்டிங்ல போகும்போது சும்மா குடுத்த பழைய ஃப்ரிட்ஜ். சொன்னா முடிஞ்சுதுல்ல?

— சொன்னா நம்பிருவாவளா? நானே நம்ப மாட்டேன். ஜூலைல சேந்த புள்ளைக்கு டிசம்பர்ல எதுக்குட்டி வீடு பாக்க வாறாவ? எவனோ போட்டுக் குடுத்திருக்கான். அந்தப் பெனிஸ்டனா இருக்குமோ? அவனுக்குக் கெடைக்கலன்னு அவுங்கம்மா சர்ச்சுல மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா.

— பெனிஸ்டன் பாவம், மம்மி.

— பாவமா? உனக்கெப்படித் தெரியும்? அவன்கூடப் பேசுதியா?

— ட்ரெயின்ல பாப்பேன். அவனும் என் காலேஜ் இருக்கற ஆகுர்டிக்குத்தானே வரான்.

— அதான பாத்தேன்! உன் ட்ராயிங் ஷீட்டுல வேற ஆளு எழுத்து கெடக்கேன்னு.

— என் பையைத் தொறந்தியா? அது சார் எழுத்து, மம்மி. தப்பெல்லாம் சுழிச்சுக் குடுத்திருக்கார்.

— சாரோ மோரோ. தினமும் லேட்டா வாற. கேட்டா எக்ஸ்ட்ரா கிளாஸ்ங்குத.

— எக்ஸ்ட்ரா கிளாஸ்தான்! நம்ம கட்கி ஸ்டேஷன்ல வந்து நிக்கிற. என் ஃப்ரெண்ட் ஸ்நேஹா வீட்டுக்கு போன் பண்ணிக் கேக்கற. எல்லாரும் சிரிக்கறாங்க.

— சிரிக்கட்டும். பெத்தவளுக்குத்தான் பயம். இந்தா, பெல்லு அடிக்கி. நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிடுதேன். வாங்க மேடம், உள்ள வாங்க.

— நமஸ்காரம். நான்தான் பாமா. சிரமப்படாதீங்கோ, நான் இப்படியே உக்காந்துக்கறேன். என்ன ஃபியோனா, முகமெல்லாம் வாடிக் கெடக்கு?

— ஒண்ணுமில்ல ஆன்ட்டி.

— ரஸ்னா குடிங்க மேடம். ஐஸ் கெடையாது. நம்ம வீட்டுல ஃப்ரிட்ஜுக்கெல்லாம் எங்க போக?

— ஐஸ் எனக்கு ஆகாது, நல்லதாப் போச்சு. அங்க செவுத்துல ஸ்டெபிலைசர் மட்டும் லைட் எரியறதே, எதுக்கு?

— அது... டிவிக்கு மேடம். டிவியும் கெடையாது.

— சரி, இருக்கட்டும். நான் அதெல்லாம் பார்க்க வரலை.

— மறைக்காமச் சொல்லுங்க மேடம். எங்களப் பத்திச் சொன்னது யாரு? பெனிஸ்டனா? அவுங்கம்மாவா?

— ஐயோ, யாரும் கோள் சொல்லலை. ஃபியோனா ஆரம்பத்துல ட்ராயிங்ல ரொம்பத் திண்டாடினா. ஒரு சீனியர் பொண்ணை ஏற்பாடு பண்ணினோம். காலேஜ் விட்டதும் கூட உக்காந்து சொல்லித் தரா. இப்போ தேறிட்டா.

— அதுக்குத்தான் லேட்டா? ஏட்டி, எங்கிட்டச் சொன்னா என்ன?

— சொன்னேன் மம்மி. நீ நம்பல.

— அப்பம் ஸ்காலர்ஷிப்ப நிறுத்தலையே மேடம்?

— எதுக்கு நிறுத்தணும்? காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு இடம் காலியாயிருக்கு. எங்க ட்ரஸ்ட்டே செலவைப் பாத்துக்கும். பெத்தவா சம்மதம் இல்லாம சேத்துக்க மாட்டா. அதைக் கேக்கத்தான் வந்தேன்.

— ஹாஸ்டலா? ட்ரெயின் ஏறுனா அரை மணி நேரத்துல ஆகுர்டி. வெளியூர்ப் புள்ளைங்களுக்குக் குடுங்க மேடம். எங்களுக்கு எவன் கேட்டான் ஹாஸ்டலு?

— நான்தான் கேட்டேன், மம்மி. காலேஜ் பழகிடுச்சு. வீட்டுக்கு வர்றதுதான் கஷ்டமா இருக்கு.