காலைச் செய்திக்கு மங்கலக் குரல்

மாலைக்காகவே கழுத்தை வளர்த்திருக்கும் மன்றத் தலைவர் துரைக்கண்ணு அவர்களே! அவர் தலையசைத்தால் தாமும் தலையசைக்கும் செயற்குழுப் பெரியவர்களே! நாளை முதல் நம்மைத் துயிலெழுப்பப் போகும் தலைவரின் மருமகன் அர்ஜுனன் அவர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

இந்த மன்றத்து ஒலிபெருக்கியில் காலைதோறும் நாளிதழ் வாசித்து வந்தேன். கையும் காலும் தறியில் இருப்பவருக்குக் காது மட்டும்தானே ஓய்வு? சென்ற ஆண்டு என் கணவர் காலமானார். உடனே செயற்குழுவுக்குக் கவலை வந்தது. என்னைப் பற்றியா? இல்லை. என் குரல் களைத்துவிட்டதாம்! அவர் போனது நெஞ்சுவலியில். கெட்டது என் தொண்டை! மருத்துவம் காணாத விந்தை.

தலைவர் என் வீட்டுக்கே வந்து விளக்கினார்: "தப்பா நினைச்சிக்காதீங்கம்மா. பொழுது விடியறப்போ மொதல் குரல் மங்களமா இருக்கணும்னு சொல்றாங்கோ."

"யார் சொல்றாங்க?"

"பொதுவா சொல்றாங்கோ."

அந்தப் பொதுவானவர் இங்கே இருந்தால் கையைத் தூக்கட்டும். பாருங்கள், தலைவர்கூடத் தூக்கவில்லை!

சென்ற திங்கட்கிழமை மருமகனுக்கு வெள்ளோட்டம். நான் எப்போதும் வானிலையை முதலில் வாசிப்பேன். அதைக் கேட்டுத்தான் தறிக்கான பட்டு நூலைத் தெருவில் நீட்டிப் பாவு விரிப்பீர்கள். அர்ஜுனன் தம்பி பண்புள்ளவர். முதலில் மாமனாருக்கு வணக்கம். பிறகு மாமனாரின் தொண்டுக்கு வணக்கம். அப்புறம் மாமனார் வாங்கித் தந்த ஒலிபெருக்கிக்கு வணக்கம்...

என்ன தேவகி? எழுந்து சொல்லம்மா.

"அவரு வணக்கம் சொல்லிக்கினு இருக்கசொல்லவே மழை வந்துடுச்சிமா! கல்யாணப் பொடவைக்குப் போட்ட பாவு, தொப்பலா நனைஞ்சி பூடுச்சி!"

கேட்டீர்களா? தேவகி நனைந்த பாவைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, 'இன்று மழை பெய்யலாம்' என்று மங்கலக் குரல் அறிவித்தது. வந்துவிட்ட மழைக்கு வரவேற்புரை!

நான் கான்வென்ட்டில் படித்தவள். உச்சரிப்பில் பிழை என்று சொல்லுங்கள், இறங்கிவிடுகிறேன். வாசிப்பில் பிழை என்று சொல்லுங்கள், விலகிவிடுகிறேன். நெற்றியில் பொட்டில்லை என்றால்? காது செய்யும் வேலைக்குக் கண் எதற்கு வந்தது?

தாய்மார்களே! இத்தனை ஆண்டும் உங்கள் பாவைக் காத்தது என் தாலியா, நான் வாசித்த வானிலையா?

கை தட்டுங்கள், தலைவருக்கும் கேட்கட்டும்!

என்னை வழியனுப்ப வாங்கிய பொன்னாடையைத் தேவகிக்குக் கொடுங்கள், அடுத்த மழைக்குத் தலை துவட்டிக்கொள்ளட்டும். தம்பி மாலையில் சினிமாச் செய்தி வாசிக்கட்டும். அப்போது தெருவில் யார் பாவும் இருக்காது. காலையில் நான்தான் வாசிப்பேன். என் குரல் தீங்கு என்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். பாவு விரிக்குமுன் மட்டும் பக்கத்து வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

களைத்த குரலைக் களைக்காமல் கேட்டவர்களுக்கு நன்றி. செயற்குழுவுக்கு மட்டும் தனியாக, என் மங்கலமான வணக்கம்!