மேலே போகிற கதிரை

தேங்காய் எண்ணெய்தான் தம்பி. ஓம், ஸ்கீப் பலகையின்ர கரைப்பக்க இரும்பு கறள் பிடிக்கக்கூடாதெண்டு நான்தான் பூசினனான். சிரிக்காதேங்கோ. சார்ஜாவில எங்கட பல்கனி கடல் பக்கம், உப்புக் காத்து. எந்த இரும்பும் கொஞ்ச நாளில சிவத்துப்போகும். வீட்டில இருக்கேக்க நல்லாத்தான் மினுங்கினது. இஞ்ச கட்டிடத்துக்குள்ள நீங்கள் செய்து வைச்சிருக்கிற பனிக்குள்ள கொண்டந்து வைச்சதும் எண்ணெய் வெள்ளையா உறைஞ்சு, ஸ்கீ ரெண்டும் அசையமாட்டன் எண்டு நிண்டிட்டுது. பின்னால வந்த சனமெல்லாம் ரெண்டு பக்கத்தாலயும் விலத்திப் போகுது, நான் நடுவில சிலை மாதிரி.

சட்டையில இருக்கிறதுதானே உங்கட பேர், கார்மேகம்? ராமநாதபுரம் பக்கமோ? நல்லது. இந்த எண்ணெயை வடிவா வழிச்செடுத்துப்போட்டு, முறையான மெழுகு போட்டுத் தாங்கோ தம்பி. அடுத்த மாதம் கனடாவுக்குப் போறம். என்ர மோன் நிஷாந்தன் கல்கரியில. வருசத்தில ஒருக்கா எங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போறவன். இந்தமுறை நான் அவனோட அந்தக் கதிரையில ஏறியே ஆகோணும். ஓம், கம்பியில தொங்கிக்கொண்டு மேல போற கதிரைதான்.

இந்த வயசில ஏனோ? எல்லாரும் அதைத்தான் கேக்கினம். என்ர மனுசி சுந்தராம்பாள் கேக்கிறேல்ல, நேர ஏச்சுத்தான். போன கோடையில ஸ்கீச் சப்பாத்தைக் கார் டிக்கிக்குள்ள மறந்து விட்டிட்டன். அந்த வெயிலுக்கு அடிப்பக்கம் கழண்டு நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. ஒட்டிக் கொண்டந்த நாளில இருந்து அது எங்கட படுக்கை அறையில, ஏசிக்குக் கீழ. உள்ளுக்குப் பேப்பர் அடைஞ்சு, கொளுவியை மெல்லமாப் பூட்டி வைச்சிருக்கிறன். பிள்ளை பிறந்த வீட்டில தொட்டில் மாதிரி நடுவில கிடக்குதெண்டு அவ சொல்லுறா.

ஞாயிறு எண்டா இஞ்சதான். உங்கட மஹ்மூதுதான் பழக்கிறவர். யல்லா ஹாஜி, முழங்காலை மடக்கு, முன்னுக்குச் சாய் எண்டு கத்துவார். நான் ஹாஜி இல்லை, முருகன்ர ஆள் எண்டா அவருக்கு என்ன விளங்கும். வீட்டில செய்தி பாக்கேக்கயும் சுவரில முதுகை வைச்சு, கீழ கதிரை இல்லாமலே இருக்கிற மாதிரி இருந்து பழகிறன். கால் நடுங்கும். பகல் முழுக்க ஒஃபீஸில கணக்குப் பாத்திட்டு வந்து இது வேற. களைச்சுப்போனன் தம்பி, உண்மையாச் சொல்லுறன். எனக்குக் குளிர் பிடிக்காது, பனி பிடிக்காது, இந்த வழுக்கிற விளையாட்டு ஒருநாளும் பிடிச்சதில்லை.

கீழ வாற சந்தோசத்துக்கு இல்லையப்பா. கீழ வரத் தெரியாதவனை மேல விடமாட்டினம், அதுதான் விசயம்.

அந்தக் கதிரையில ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில. கையில தடிச்ச கையுறை, போனைத் தடவேலாது. எழும்பிப் போகவும் ஏலாது. இவன் இஞ்ச படிச்சு வளந்தவன், வீட்டிலயும் இங்கிலீஷ்தான். போன் எடுத்தா ஐயாம் ஃபைன் அப்பா, அம்மாட்டக் குடுங்கோ, அவ்வளவுதான். கதிரையில ஏறினா வேற ஆள். தமிழில கதைக்கிறான் தம்பி! சின்னனில இஞ்ச கோர்னிஷில, கடற்கரை நடைபாதையில எங்களைத் தொலைச்சிட்டு நிண்டவன், அதை அவன் சொல்லி நான் கேட்டது அந்தக் கதிரையிலதான்.

போனமுறை கடைசி நாள், கடைசிச் சுத்து. அப்பா, ஒண்டு சொல்லோணும் எண்டான். அதோட உச்சி வந்திட்டுது. அதில நிண்டு கதைக்கேலாதெல்லே, உடன எழும்பி வழுக்கோணும். கீழ வந்து பாத்தா, பொழுதுபட்டிட்டுது எண்டு கதிரையை நிப்பாட்டிப்போட்டாங்கள். அடுத்த நாள் விமானம். பிறகு போனில எத்தனை தரம் கேட்டுப் பாத்தன். ஒண்டுமில்லையப்பா, ஒண்டுமில்லையப்பா.

இல்லை, என்னெண்டு எனக்குத் தெரியும். மருமகள் துஷானி ஆடி மாதம் போன் எடுத்தவ. மாமா, நாங்கள் பிரிஞ்சிட்டம், அவர் இன்னும் சொல்லேல்லையோ எண்டு கேட்டு அழுதா. அவன் ஆரோ ஒருத்தற்ற வீட்டுக்குக் கீழ ஒரு அறையில தனியா இருக்கிறானாம். எங்களோட கதைக்கேக்க, துஷானி டியூட்டிக்குப் போட்டா எண்டுவான். மனுசியும் அவவுக்குச் சாப்பாட்டைக் கட்டிக் குடுத்தனியோ எண்டு கேப்பா. பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருக்க நெஞ்சு தாங்குதில்லை தம்பி. மனுசிக்கு நான் இன்னும் சொல்லேல்லை.

நானாக் கேட்டா இதையும் ஒண்டுமில்லையெண்டு மூடிப்போடுவான். அவன்ர வாயால வரோணும். அது வாற இடம் அந்த ஒரு இடம்தான்.

ஒண்டு கேக்கிறன், உங்களுக்குத் தெரியும்தானே. உச்சியில இறங்காமல் அப்பிடியே இருந்தா என்ன செய்வினம்? கதிரையை நிப்பாட்டிப்போடுவினமோ?

நிப்பாட்டட்டும். நாங்கள் கதைச்சு முடிச்சிட்டு இறங்குறம்.