எதுக்கெல்லாம் கெடைக்காது

இல்ல சார், எடுத்தவொடன ஆமான்னு சொல்லிர முடியாது. கடல்ல விழுந்தா எல்லாமே ஆக்சிடென்ட் ஆயிருமா? ஒக்காருங்க. ஓனர் எங்கயும் போகல, போர்டுல இருக்கற இந்திராணி நான்தான். இந்தத் தீவுல, ஜங்லிகாட் ஏரியாவுல இத்தன வருசமா டிராவல்ஸ் நடத்துறேன், புதுசா கல்யாணமாயி வர்றவங்க யாரும் இன்சூரன்ஸ் பாலிசிய பிரிச்சுக்கூடப் பாத்ததில்ல. நீங்கதான் வரி வரியா கேக்குறீங்க. நல்லதுதான். கோயமுத்தூர்லேர்ந்து பேக்கேஜ் போடும்போதே, ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் சேத்துருங்கன்னு சொன்னவரும் நீங்கதானே.

வீட்டம்மா இன்னும் வரலயா? வெள்ளக்காரன் கட்டின ஜெயில சுத்திப் பாக்கப் போனா நேரமாகும் சார். நம்ம ரவிக்குமார் ஆட்டோலதானே ஏத்தி விட்டீங்க, பத்தரமா இருப்பாங்க. போன் போகலயா? இங்க நெட்வொர்க் அப்பிடித்தான், வரும், போகும். மெயின்லேண்ட் மாதிரி நெனைக்காதீங்க. டீ சொல்லியிருக்கேன்.

சரி, ஒண்ணொண்ணா வருவோம். தொகைய கூட்டணும்னு கேட்டீங்க. நஹி சார். ஊர விட்டுக் கெளம்புறதுக்கு முந்தி என்ன எழுதினமோ அதான். வீட்டம்மா பாலிசிக்கு நாமினி நீங்கதான், அதுல கொழப்பமே இல்ல. முந்தாநாளும் கேட்டீங்களே.

குடிச்சிருந்தா இன்சூரன்ஸ் பணம் கெடைக்காது. அவங்க குடிக்க மாட்டாங்களா? நான் பொதுவாத்தான சார் சொன்னேன். அவங்களச் சொல்லலயே.

அப்புறம், நாளைக்கு நீங்க கப்பல்ல போற ஹட் பேல முதலை இருக்குன்னு போர்டு வச்ச எடத்துல எறங்கினா கெடைக்காது. தெரிஞ்சே ஆபத்துல போயி விழுந்ததா எழுதிருவாங்க. அதான் கப்பல் டிக்கெட் வாங்கும்போதே போர்டு இல்லாத கரை எது, ஆள் நடமாட்டம் இல்லாத கரை எதுன்னு கேட்டீங்களா? ஓ, போட்டோ எடுக்கவா. அச்சா.

படகுலேர்ந்து தவறி விழுந்தா? அது ஆக்சிடென்ட்தான். ஆனா சாட்சி வேணும், படகுக்காரன் சொல்லணும். படகுக்காரன் வேண்டாம், நானே ஓட்டிக்கிறேன்னா அங்க ஒருத்தனும் படகு குடுக்க மாட்டான். அப்பிடியே குடுத்தாலும் கம்பெனிக்காரன் கேப்பான் சார், நீச்சல் தெரியாத பொண்ண லைஃப் ஜாக்கெட் இல்லாம ஏன் கூட்டிட்டுப் போனீங்கன்னு.

எனக்கு எப்பிடித் தெரியும்னா? அரே, மொகத்தப் பாத்தாத் தெரியாதா? தண்ணியப் பாத்து மெரள்ற மொகம் எத்தனையோ பாத்தாச்சு.

ஆளே கெடைக்கலேன்னாவா? அது பெரிய தலவலி. ஒடம்பு இல்லாம செத்துட்டாங்கன்னு ஒத்துக்கவே மாட்டான். கோர்ட்டு, வக்கீலுன்னு வருசக்கணக்கா இழுக்கும். எத்தன நாள்ல கரை ஒதுங்கும்னா கேக்குறீங்க? அது பாலிசில இல்ல சார். அது காத்தும் நீரோட்டமும் பாத்துச் சொல்லணும்.

எந்திரிக்காதீங்க, டீ வந்துருச்சு. வீட்டம்மா எங்க போயிருவாங்க? கடைசிப் பக்கத்துல இன்னும் ஒரு வரி இருக்கு. ஒங்களுக்கு அதுதான் ரொம்ப முக்கியம். அத தெரிஞ்சுக்கிட்டே போயிருங்க. சக்கர போதுமா? இந்தப் பிஸ்கட்ட எடுத்துக்கோங்க. அட, எடுங்க சார், வெக்கப்படாதீங்க.

இருங்க, இருங்க. இந்தச் சத்தம் போகட்டும். ஏர்போர்ட் எட்டிப் புடிக்கிற தூரத்துல இருக்கா, ஒவ்வொரு ஃப்ளைட் ஏறும்போதும் பேச்ச நிறுத்திட்டு ஒக்காந்திருக்கணும்.

ம். போயிருச்சு. இன்னிக்கு சென்னைக்கு அதான் கடைசி. இனி காலையிலதான் ஃப்ளைட்.

இப்பக் கேளுங்க, அந்தக் கடைசி வரி. பயணத்துல ஒருத்தரு பாதியிலயே வீடு திரும்பிட்டா, அவங்க கணக்குல பாலிசி அன்னியோட சரி. மத்தவங்க இங்கயே இருந்தாலும் சரிதான். ஒங்க வீட்டம்மாவுக்கு இன்னிக்கு முடிஞ்சிரும். சென்னையில அவங்க அண்ணன் வந்து நிக்கறாரு, அப்பிடியே கூட்டிட்டுப் போயிருவாரு.

ஜெயிலா? போகவேயில்ல. நீங்க ஏத்தி விட்ட ஆட்டோ மின்னி பே ரோட்டத் தாண்டி நேரா இங்கதான் வந்துச்சு. நேத்து பீச்சுல அவங்க தலைய தண்ணிக்குள்ள அமுக்கிப் புடிச்சீங்களாமே. வெளையாட்டுக்குன்னு சொன்னீங்களாம். மூச்சு முட்டுற வரைக்கும் விடலயாம். இப்பப் போச்சே, அந்த ஃப்ளைட்டுக்கு டிக்கெட்ட நான்தான் போட்டேன்.

கத்தாதீங்க சார், பக்கத்துல எல்லாம் கடை இருக்கு.

நாளைக்கு ஹட் பே கப்பல்ல ஒங்க பேருல ரெண்டு சீட்டு இருக்கே. அவங்களோடத கேன்சல் பண்ணிரட்டுமா?