வெப்பப் பெட்டி இழுத்த புகை

என் பெயர் கினுயோ ஒகிமொட்டோ. வயது 46. கணவர் ஷோஸோ, படகுத் தச்சர். குடியிருப்பது ஹிரோஷிமா நகரம், மினாமி வட்டம். ஆறாம் வகுப்பு வரை படித்தேன், அதிலும் பாதி நாள் போகவில்லை. பதினோரு வருடமாக ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன்.

அங்கே ஷிந்தானி என்பவர் எலிச் செல்களைத் தட்டுகளில் வைத்து, உடல்சூடு காக்கும் இரண்டு வெப்பப் பெட்டிகளில் வளர்க்கிறார். முப்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் ஆகாதவர். “எலிக்கு ஆறு வாரம் சோறு போடுறீங்க தம்பி, ஒரு பொண்ணுக்குப் போட மாட்டீங்களா” என்று கேலி செய்வேன். இதை எழுத வேண்டாம் என்றார் வாக்குமூலம் எழுதும் போலீஸ் அதிகாரி, நான்தான் எழுதச் சொன்னேன். இடது வெப்பப் பெட்டியில் இருக்கும் செல்களுக்குக் கதிர் மட்டும் காட்டுவார். வலது பெட்டிச் செல்களுக்குக் கதிரோடு தாரிலிருந்து எடுத்த நஞ்சும் சேர்ப்பார். நல்ல செல் பக்கத்துச் செல் இடித்தால் வளராமல் நின்றுவிடும், புற்றுநோயாகக் கெட்டது ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புள்ளியாகக் குவியும் என்று அவர் சொல்லித் தெரியும்.

செப்டம்பர் 28 அன்று, ஆய்வில் செத்த எலிகளுக்கு வருடாந்தரப் பிரார்த்தனை நடந்தது. அதற்குப் பிறகு, செல்களுக்கு யார் பிரார்த்திப்பது என்று ஷிந்தானியிடம் கேட்டேன். “இதுங்களோட அம்மா செத்து பன்னெண்டு வருஷம் ஆச்சுக்கா. இதுங்கதான் இன்னும் சாகல” என்றார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில், யாரும் வருமுன், இடது பெட்டியருகே அந்தச் செல்களுக்காக ஓர் ஊதுபத்தி ஏற்றினேன். வலது பக்கம் ஸ்பிரிட் ஜாடி இருந்ததால் அங்கே ஏற்றவில்லை. புகை மேலே போகவில்லை. நூல் போல வளைந்து, பெட்டி காற்று இழுக்கும் குழாய்க்குள் போயிற்று. ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்து, மறுநாள் முதல் இரண்டாக ஏற்றினேன்.

ஆறு வாரம் கழித்துச் சாயம் போட்டுப் பார்த்தபோது, இடது பெட்டியில் ஒன்றிரண்டு வர வேண்டிய புள்ளி முப்பத்தொன்று வந்திருந்தது. நஞ்சு அலமாரிச் சாவி ஷிந்தானியிடம் மட்டுமே இருந்தபடியால், அவர் நஞ்சைத் திருடிக் கலந்து பொய் முடிவு காட்டுகிறார் என்று தலைவர் கனெமிட்சு டாக்டர் புகார் கொடுத்தார். நேற்று ஷிந்தானியை இந்தப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டி வந்தார்கள்.

இன்று காலை டாக்டர் அந்தக் குழாயின் வடிகட்டிப் பஞ்சைப் பிரித்தார். பழுப்பாக இருந்தது, கோயில் வாசம் அடித்தது. நான்தான் ஏற்றினேன் என்று சொன்னேன். டாக்டர் பஞ்சை இன்னொரு முறை முகர்ந்து பார்த்தார். அதன் பிறகு, “பத்திப் புகையிலயும் அதே தார்தாம்மா இருக்கு. கதிர் பட்ட செல்லுல அதுவும் சேர்ந்தா நிலைமையே வேற” என்றார்.

“அப்ப மனுசங்களுக்கு?” என்று கேட்டேன்.

குண்டு விழுந்தபோது ஏழு வயதில் நான் இந்த ஊரில் இருந்தது அவருக்குத் தெரியும். அன்று போன என் குடும்பத்தார் ஒன்பது பேர் படத்துக்கு முன் வீட்டில் நான் தினமும் பத்தி ஏற்றுவதும் தெரியும். அவர் பஞ்சை டப்பாவில் வைத்து மூடினார்.

அதற்குப் பிறகு நானே இங்கு வந்தேன். ஷிந்தானி ஒரு சொட்டு நஞ்சும் கலக்கவில்லை. சாயங்காலம் அவரை விட்டுவிடுவதாக அதிகாரி சொன்னார். இனி வீட்டில் ஏற்றுவீர்களா என்றும் கேட்டார். இன்றைக்கே நேரமாகிவிட்டது, ஒன்பது பேரும் காத்திருப்பார்கள் என்றேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, அத்தனையும் என் மனமறிந்த உண்மை. கையெழுத்துக்குப் பதில் என் பெயர் முத்திரையைக் கீழே பதித்திருக்கிறேன்.

கினுயோ ஒகிமொட்டோ
16-11-1984