கேட்டில் போட்ட முடிச்சு

சாமைக் கஞ்சியை நாய் தின்னாது என்பார்கள். கருவாட்டுத் தண்ணீரில் வேகவைத்துப் பாருங்கள், சட்டியையே நக்கிவிடும். புதூர்நாட்டில் எங்கள் காப்பகத்து நாய்களை அப்படித்தான் வளர்த்தோம். கருவாடு என் ஊரிலிருந்து வரும். நான் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரைக்காரன். இந்த மலையில் எனக்குச் சொந்தமென்று யாரும் கிடையாது. அதனால்தான் நாய்கள் என்று நீங்கள் நினைத்தால், அதுவும் சரிதான், ஐயா.

நிதி கேட்டு எழுத எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் வாயில்லா ஜீவன், கருணை என்றெல்லாம் எழுதினேன். பதிலே வரவில்லை. பிறகுதான் புரிந்தது. கொடுக்கிறவர்களுக்கு நாய்கள் வேண்டாம், ஒரு நாய் வேண்டும். பெயரோடு, காயத்தோடு, பின்னால் அந்தக் காயம் ஆறின படத்தோடு.

அப்போது அதற்குக் குறைவில்லை. காட்டுப்பன்றிக்காகச் சாமைக் கொல்லையைச் சுற்றி வண்டி பிரேக் கம்பியில் சுருக்கு வைப்பார்கள். அதில் நாய் மாட்டும். சமையலுக்கு வரும் கெங்கம்மாள் அதை மடியில் போட்டுப் பிடித்துக்கொள்வாள். நான் கம்பியை அறுத்தெடுத்து, படம் பிடித்து அனுப்புவேன். சென்னையில் ஓர் அறக்கட்டளை தொடர்ந்து கொடுத்தது. அந்தப் பணத்தில் ஊர் ஊராகப் போய், சுருக்கு வைக்காதீர்கள் என்று பேசினோம். சனங்கள் கேட்டுக்கொண்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வருஷம் ஒரு நாய்கூட மாட்டவில்லை. சந்தோஷமாக எழுதி அனுப்பினேன். அறக்கட்டளையின் கீதாஞ்சலி மேடம் போன் செய்தார்.

"ரொம்ப நல்ல விஷயம் சார். ஆனா டிரஸ்டிங்ககிட்ட காட்ட ஏதாவது வேணுமே. புதுக் கேஸ் எதுவும் இல்லையா?"

"இல்ல மேடம். எல்லாம் நல்லா இருக்கு."

"அப்ப நாங்க எதுக்கு சார்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

காப்பகத்தில் கிழடும் குருடுமாக எத்தனை கிடக்கின்றன, நீங்களே பார்த்தீர்கள். மூடிவிட்டால் அவை எங்கே போகும்? ஒரு கால் ஒரு தட்டில், இத்தனை உயிர் மறு தட்டில். நிறுத்துப் பாருங்கள்.

அறுத்தெடுத்த கம்பியெல்லாம் ஒரு சாக்கில் இருந்தது. காவலூர் ரோட்டோரம் முதலில் மாட்டியது ஊர்பேர் தெரியாத நாய். கிட்டவே விடவில்லை, பல்லைக் காட்டியது. கடிக்க வருகிற நாய்க்கு யார் கொடுப்பார்கள்? படம் வீணாயிற்று. அந்த நாயும் செத்துப்போயிற்று.

பழகின நாய்தான் ஒத்துவரும் என்று தெரிந்துகொண்டேன். கெங்கம்மாளின் செவலை நாய் அவளுக்கு முன்னால் ஓடிவரும். எங்கள் பலா மரத்தடி வழிதான் அதன் வழி. யார் கையை நீட்டினாலும் வந்து முகத்தை வைக்கும்.

அன்று அவள் அதைத் தூக்கிக்கொண்டே வந்தாள். கம்பி காலோடு தொங்கியது.

"பாருங்க சார். எந்தக் கம்னாட்டி வெச்சானோ, அவன் கை வெளங்குமா?"

"வெளங்காது" என்றேன்.

பொறுமையாகக் கழுவினேன். மருந்து போட்டேன். படம் எடுத்தேன். அப்போது அவள் கம்பியின் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா சார், இது நம்ம கேட்டு முடிச்சாட்டம் கீது."

காப்பகத்துக் கேட்டைக் கயிற்றால் கட்டுவது நான். வலைக்குப் போடும் எங்கள் கடற்கரை முடிச்சு. காலையில் அவிழ்ப்பது அவள், தினமும் என்னைத் திட்டிக்கொண்டே. மலைக்காரர்கள் கம்பியை முறுக்கிவிடுவார்கள், முடிச்சுப் போடமாட்டார்கள். இத்தனை கம்பியை அறுத்த எனக்கு அது தெரியும். ஆனால் கை பழக்கத்தை விடவில்லை.

 அவள் நாயைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் திருப்பத்தூர் போனாள். ஆஸ்பத்திரியில் அதன் காலை எடுத்துவிட்டார்களாம். அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். அவள் கோபம் நியாயம்தான், ஆறிவிடும்.

ஆமாம் ஐயா, இரண்டையும் நான்தான் வைத்தேன். செவலை வரும் நேரம் தெரிந்துதான் வைத்தேன். ஆனால் அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். அது என்னைத்தான் பார்க்கிறது. வால் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது, ஆட்டிக்கொண்டே இருந்ததால். கெடுதல் செய்தவனைப் பார்த்து நாய் வாலாட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.