ஜெய்சல்மேரில் நிறுத்தி வைத்த தொலைபேசி

பெயர்: கதிரவேலு குலேந்திரன். வயது: 54. பிறந்த இடம்: கோண்டாவில், யாழ்ப்பாணம். குடியுரிமை: சுவிஸ். வதிவிடம்: லாங்கன்தால். தொழில்: இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வாக்குமூலம் பதிந்த இடம்: லாங்கன்தால் பொலிஸ் நிலையம். நாள்: 11.03.2024, திங்கட்கிழமை, காலை 9.15. மொழிபெயர்ப்பு: செல்வி வேணுகா.

எனது மனைவி ஜெயமலரின் தம்பி சந்திரகுமார், வயது 44, இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவர். அவர் 13.02.2024 காலை 6.10க்கு அங்கே நிலவறைப் படியில் விழுந்து, அன்றே ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த இறப்பு பற்றிய விசாரணையில் தகவல் தருபவராக என்னிடம் கேட்கப்படுகிறது என்றும், பொய் சொன்னால் தண்டனை உண்டு என்றும் எனக்கு விளங்கப்படுத்தப்பட்டது.

என்னைப் பொலிஸ் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். இறந்தவரின் தொலைபேசியைப் பரிசோதித்து முடிந்துவிட்டது, 12.03.2024, அதாவது நாளை, காலை பத்து மணிக்கு வந்து கையெழுத்து வைத்துப் பெற்றுக்கொள்ளவும் என்று என் மனைவிக்குக் கடிதம் வந்தது. கடிதத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அதில் உள்ள மூன்று குரற்செய்திகளை அழித்துவிட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்கவே இன்று வந்தேன். முடியாது என்று அலுவலர் சொன்னார். ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டார். அதற்கான பதிலைத்தான் கீழே சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருடம். இத்தனை வருடத்தில் நாங்கள் போன இடமெல்லாம் கல்யாண வீடு, பெண்பிள்ளைகள் பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு, கோயில் திருவிழா. என் மனைவி விடியற்காலையிலிருந்து பின்னேரம்வரை அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னர் தொலைக்காட்சியில் ஜெய்சல்மேரைப் பார்த்துவிட்டு, பாலைவனத்துக்குள் ஒரு கோட்டை, அதற்குள் இன்னும் சனம் குடியிருக்கிறது, அங்கே ஒருநாள் போக வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். லீவை எடுத்துக்கொண்டுபோய் யாராவது மண்ணைப் பார்ப்பார்களா என்று நான் ஏசினேன். சந்திரகுமார்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். "அத்தான், அக்காவை ஒருக்காலாவது கோயில் இல்லாத ஊருக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன்" என்றார். கடந்த மாசி மாதம் சென்னையில் என் மருமகனின் கல்யாணத்துக்குப் போனபோது, அதோடு சேர்த்து ஜெய்சல்மேருக்கும் அவரே இரண்டு நாளுக்குப் பதிவு செய்து தந்தார்.

13ஆம் திகதி காலை இந்திய நேரம் பதினொரு மணிக்குக் கோட்டைக்குப் போனோம். அங்கேயும் முதலில் கண்ணில் பட்டது கோயில்தான், சமணக் கோயில். மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். தோல் சாமான் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் மறித்தார்கள். என் இடுப்பில் தோல் பெல்ட், மனைவியின் கைப்பையும் தோல். பெல்ட்டைக் கழற்றினால் காற்சட்டை நிற்காது. ஆகவே நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி, கைப்பையை வாங்கிக்கொண்டு நான் வெளியே நின்றேன். அவருடைய தொலைபேசி அந்தப் பைக்குள் இருந்தது.

அதன் பின்னர் 11.40க்கு, அதாவது சுவிஸ் நேரம் காலை 7.10க்கு, என் தொலைபேசிக்கு தவராஜா எடுத்தார். அவர் சந்திரகுமாரோடு அதே சமையலறையில் வேலை செய்பவர். "குலேந்திரன் அண்ணை, சாப்பிட்டியளோ? அக்கா பக்கத்திலயோ?" என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன். "சந்திரன் படியில விழுந்திட்டான் அண்ணை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கு. கொஞ்சம் கடுமை எண்டு சொல்லுகினம். அக்காவுக்கு உடனே சொல்லிப்போடாதேங்கோ, பதறிப் போவா. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். மேலும் ஏதோ சொல்ல வந்தார். "விளங்குது தம்பி" என்று சொல்லி நான் தொடர்பைத் துண்டித்துவிட்டேன்.

உனக்கு என்ன விளங்கியது என்று அலுவலர் கேட்டார். ஆள் முடிந்துவிட்டார் என்று விளங்கியது. எங்கள் ஆட்கள் சாவை அப்படித்தான் அறிவிப்பார்கள். உரியவருக்கு எடுக்க மாட்டார்கள், பக்கத்தில் உள்ளவருக்கு எடுப்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். செத்துப்போனார் என்று சொல்ல மாட்டார்கள், கடுமை என்பார்கள். என் தமையன் கனடாவில் இறந்தபோது எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். என் மாமனார் இறந்தபோது நானே மனைவியிடம், ஐயாவுக்குக் கொஞ்சம் கடுமையாம் என்று பேருந்தில் வைத்துச் சொல்லி, வீட்டுக்குக் கூட்டிவந்து, தேத்தண்ணி குடிக்க வைத்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னேன். உயிர் இருக்கிறதா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று அலுவலர் கேட்டார். அது கேட்கிற கேள்வியில்லை. சொல்ல வந்தவனே சொல்ல முடியாமல் நிற்கிறான், அவன் வாயைப் பிடுங்குவதா? செல்வி வேணுகா இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவரிடமும் அலுவலர் இதைக் கேட்டார். ஓம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் சொன்னார்.

அதன் பின்னர் நான் மனைவியின் தொலைபேசியை எடுத்து, விமானத்தில் போகும்போது வைப்பதுபோல எல்லாத் தொடர்பையும் நிறுத்தி, பையின் அடிக்குள் வைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் யாராவது கண்ணீர் அஞ்சலி என்று படம் போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். எங்கள் விமானம் மறுநாள் காலைதான், இப்போது சொன்னாலும் ஒன்றும் ஆகாது, பொழுதுபட்ட பின் சொல்லலாம், இந்த ஒரு நாளையாவது இவள் சந்தோசமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். இதைத்தான் இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கோயில் வாசலில் எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, எரிச்சல். சீ, இன்றைக்குத்தானா இவன் விழ வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையும் எழுதுங்கள்.

மனைவி கோயிலிலிருந்து வெளியே வந்து, "இஞ்சாருங்கோ, கல்லில சேலைக்கரை மாதிரிக் கொத்தி வைச்சிருக்கிறாங்கள், தம்பிக்குப் படம் அனுப்ப வேணும், போனைத் தாங்கோ" என்றார். கோட்டைச் சுவருக்குள் தொடர்பு வராது, என்னுடையதில் எடுக்கிறேன், பிறகு அனுப்பலாம் என்றேன். நம்பினார். இருபத்தேழு வருடத்தில் நான் சொன்ன ஒன்றையும் அவர் திருப்பிக் கேட்டதில்லை. அதன் பின்னர் தவராஜா இன்னும் இரண்டு தரம் எடுத்தார். செத்தவீட்டு ஒழுங்கு கதைக்க எடுக்கிறார் என்று நினைத்து நான் எடுக்கவில்லை.

அதன் பின்னர் ஒரு பழைய வியாபாரியின் மாளிகையைப் பார்த்தோம். அதன் பின்னர் ஒரு மொட்டை மாடியில் சாப்பிட்டோம். எனக்குச் சோறு இறங்கவில்லை, மனைவி என் தட்டையும் வாங்கிச் சாப்பிட்டார். அதன் பின்னர் ஒரு கடையில் சந்திரகுமாருக்கு ஒட்டக மயிர்ச் சால்வை வாங்க வேண்டும் என்றார். நீலமா மண்ணிறமா என்று இருபது நிமிடம் இரண்டையும் தன் தோளிலும் என் தோளிலும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தார். "சொல்லுங்கோவன், அவனுக்கு எது எடுக்கும்?" என்று கேட்டார். நீலம் என்றேன். இறந்துவிட்டான் என்று நான் நம்பியிருந்த ஒருவனுக்கு நிறம் சொன்னேன். அப்போது நேரம் பகல் ஒன்றரை இருக்கும். உண்மையில் அவர் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முழு நினைவோடு இருந்தார் என்று இன்று அலுவலர் ஆவணத்தைப் பார்த்துச் சொன்னார்.

அதன் பின்னர் ஏரியில் மீன்களுக்குப் பாண் துண்டு பிய்த்துப் போட்டோம். அதன் பின்னர் ஜீப்பில் மணல்மேட்டுக்குப் போனோம். மனைவி ஒட்டகத்தில் ஏறினார். அது எழும்பும்போது, ஐயோ என்ரை அம்மாளாச்சி என்று கத்தினார், பிறகு குழந்தைப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சூரியன் இறங்கும்போது படம் எடுத்தேன். படத்தில் நேரம் 18.31 என்று இருப்பதை அலுவலர் பார்த்துக் குறித்துக்கொண்டார். சந்திரகுமார் இறந்தது சுவிஸ் நேரம் 14.20. அங்கே அது 18.50. நாங்கள் அப்போது மணலில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் 8.10க்கு தவராஜா மறுபடி எடுத்தார். இந்த முறை எடுத்தேன். "அண்ணை, முடிஞ்சுது. ரெண்டு இருபதுக்கு" என்று சொல்லி அழுதார். என்ன முடிந்தது என்று கேட்டேன். "காலமை எல்லாம் நல்லாக் கதைச்சவன் அண்ணை. அக்கா எடுத்தவவோ, அக்கா எடுத்தவவோ எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவன். என்ரை போனில இருந்து உங்களுக்கு ரெண்டு தரம் எடுப்பிச்சவன். ஒன்பதரைக்குத்தான் நினைவு தப்பினது. ஏனண்ணை எடுக்கேல்லை?" என்றார். இங்கே தொடர்பு இல்லை என்று அவருக்கும் பொய் சொன்னேன்.

அதன் பின்னர் மனைவியிடம் சொன்னேன். இப்போதுதான் செய்தி வந்தது என்று சொன்னேன். அன்றிரவு அவர் எல்லாரோடும் கதைத்தது என் தொலைபேசியில்தான். மறுநாள் டில்லி விமான நிலையத்தில் அவர் முகம் கழுவப் போன நேரம் அவருடைய தொலைபேசியில் நான் நிறுத்தியிருந்த தொடர்பைத் திரும்பப் போட்டேன். சந்திரகுமாரிடமிருந்து மூன்று குரற்செய்திகள் வந்து விழுந்தன. சுவிஸ் நேரம் 8.05, 8.20, 9.02. நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை. மூன்றையும் அழித்துவிட்டு, தொலைபேசியைப் பைக்குள் திரும்ப வைத்தேன். காலையில் செய்தது பிழை என்றால், இதற்கு நான் என்ன பெயர் வைப்பது? இதைத் தெரிந்துதான் செய்தேன்.

இன்றுவரை மனைவிக்குத் தெரியாது. அன்று காலையே என்னோடு கதைத்ததைத் தவராஜாவும் அவரிடம் சொல்லவில்லை. என்மீது அவருக்கு ஒரு கோபமும் இல்லை. அவருடைய கோபம் செத்துப்போன தம்பி மீது. "மூண்டு மணித்தியாலம் நினைவோட இருந்தவனாம். தவராஜாவுக்கு எடுத்துக் குடுக்கச் சொல்லிப்போட்டு இருந்தானாம், தன்ரை போனில இருந்து எனக்கு ஒரு கோல் எடுக்க மனம் வரேல்லையே அவனுக்கு. நான் அவனைத் தூக்கி வளத்தனான்" என்று சமைக்கும்போது தனக்குள் சொல்லி அழுகிறார். வருகிற வியாழக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியை. அதற்கு வரமாட்டேன் என்கிறார். நான் பக்கத்தில் நின்று ஆறுதல் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுவிட்டது.

அதன் பின்னர், அழிக்க முடியாது என்று சொன்ன அலுவலர், விரும்பினால் கேட்கலாம் என்றார். கேட்டேன். முதலாவதில், "அக்கா, விழுந்திட்டன், பயப்பிடாதை, தலை மட்டும் கொஞ்சம் இடிக்குது" என்கிறார். இரண்டாவதில், "படி ஈரமா இருந்தது, நான்தான் பாக்கேல்லை. நீ வர வேண்டாம். நல்லாச் சுத்திப் பாத்திட்டு வா. அத்தான் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தால் விட்டிட்டு நீ போ" என்று சொல்லிச் சிரிக்கிறார். மூன்றாவது ஒன்பது செக்கன். "அக்கா, பயமாக் கிடக்குது. ஒருக்காக் கதையன்." அவ்வளவுதான். செல்வி வேணுகா அதை மொழிபெயர்க்க முற்பட்டு எழுந்து யன்னலடிக்குப் போய்விட்டார். அலுவலர், தன்னிடம் மொழிபெயர்ப்பு ஏற்கெனவே உண்டு என்றார்.

நான் செய்ததில் சட்டப்படி குற்றம் ஏதும் இல்லை என்று அலுவலர் சொன்னார். வீட்டுக்குப் போகலாம் என்றார். குற்றம் இல்லாவிட்டாலும் எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். குரற்செய்திகளை அழிக்க வேண்டும் என்ற கோரிக்கையை வாபஸ் வாங்குகிறேன்.

மேலே உள்ளதெல்லாம் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை, நான் எதையும் ஒளிக்கவில்லை. கையெழுத்து வைக்குமுன் இதையும் சேர்க்கச் சொன்னேன்: இன்று பின்னேரம் மனைவி வேலையால் வந்ததும் என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்வேன். நாளை பத்து மணிக்கு அவர் தனியாக வந்தால், நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். தொலைபேசியை அவரிடம் கொடுங்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து வந்தால், நான் சொல்லவில்லை. அப்போது இந்த வாக்குமூலத்தை, என்னைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

(ஒப்பம்) க. குலேந்திரன்
11.03.2024, முற்பகல் 11.50