கரமனைக் குடோனின் பின்கதவு

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் சார். பேப்பர் பறந்தால் உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்குத்தான் சிரமம்.

என் பெயர் கோலப்பன். சொந்த ஊர் பூதப்பாண்டி. சாலை பஜாருக்குப் பிழைக்க வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கரமனையில் எரிந்துபோன அந்தக் கெமிக்கல் குடோனுக்கு நான்தான் சூப்பர்வைசர். தீப் பாதுகாப்புக்கும் நானே பொறுப்பு. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டர்களை வெள்ளிக்கிழமைதோறும் என் கையாலேயே துடைத்து வைப்பேன். உள்ளே ஏதாவது இருந்ததா என்று கேட்காதீர்கள். துடைப்பது என் வேலை, நிரப்புவது கம்பெனி வேலை.

தாசம்மாளைப் பற்றிக் கேட்டீர்கள். பொன்முடி எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். வித்துராவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ப்ளீச்சிங் பவுடரைப் பாக்கெட் போடுவாள். வேலையில் நான் குறை சொல்ல மாட்டேன். வாய்தான் சரியில்லை.

ஜூன் மழையில் கூரை ஒழுகியது. பவுடர் நனைந்தால் தானாகச் சூடேறும். பக்கத்தில் பெயின்ட் தின்னர் டின் இருக்கவே கூடாது. இதை அவள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இடம் போதவில்லை, அடுத்தடுத்து வைத்திருந்தேன்.

"அண்ணாச்சி, மூட்டையத் தொட்டுப் பாருங்க, சுடுது. அந்த டின்ன மாத்தி வைங்க" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஸ்ரீலட்சுமி மேடம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார். நான் ரெஜிஸ்டரைக் காட்டிக்கொண்டிருந்தேன். இவள் குறுக்கே வந்து, மேடத்தின் மலையாளத்திலேயே, "மாடம், ரெஜிஸ்டர் அல்ல, அவிடே நோக்கூ" என்று மூட்டைகள் இருந்த மூலையைக் கைகாட்டினாள். மேடம் சிரித்துவிட்டார். பாக்கெட் போடும் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். டின்களை ஏழு நாளில் பிரித்து வைக்க வேண்டும், பின்கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. அதுவரை அந்தக் குடோனில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

மறுநாள் பின்கதவுக்கு வெளியே பூட்டுப் போட்டேன். அவள் மேஜையை அந்தக் கதவோரம், மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன். "உனக்குத்தான அதுமேல கண்ணு. பக்கத்துல இருந்து பாத்துக்கோ" என்றேன்.

"கதவையாவது தெறந்து வைங்க அண்ணாச்சி."

சாவியைக் காணோம் என்றேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

தீப்பிடிக்கும் என்று அப்போது தெரியுமா என்கிறீர்கள். மூட்டை சுடுகிறது என்று அவளே சொல்லியிருந்தாளே சார்.

ஐந்தாம் நாள், காலை பதினொரு மணி. முதலில் புகை, பிறகு மூட்டைகள் முழுக்க நெருப்பு. எல்லாரும் முன்வாசல் வழியாக ஓடிவந்தார்கள். நான் எண்ணினேன். பதினொரு பேர். பன்னிரண்டு இருக்க வேண்டும். புகை கண்ணை எரித்ததால் அவர்களை ரோட்டு முனைக்கு அனுப்பினேன், அது விதி. பின்பக்கம் நடந்து போனேன். தீ விபத்தில் ஓடக் கூடாது, அதுவும் விதி.

உள்ளேயிருந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிட்டாள். மரியாதை குறையவில்லை. கதவைத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ அதிகமாகும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். அதை நினைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே வந்தால் இவள் யாரிடம் என்னென்ன சொல்லுவாள் என்பதையும் நினைத்தேன். பிறகு முன்வாசலுக்குத் திரும்பினேன்.

ஃபயர் எஞ்சின் வந்தது. ஆபீசர் முகமூடியை மாட்டிக்கொண்டே, "அகத்து ஆரெங்கிலும் உண்டோ?" என்று கேட்டார். உள்ளே போகத் தயாராக அவருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள்.

"யாரும் இல்ல சார். எல்லாரும் வெளிய வந்தாச்சு" என்றேன்.

அவர்கள் உள்ளே போகவில்லை. வெளியே நின்றே அணைத்தார்கள். ரோட்டு முனையிலிருந்து ஒரு பெண் தாசம்மாளின் பெயரைக் கத்திக்கொண்டு ஓடிவந்தபோது கூரை இறங்கிவிட்டது.

பூட்டியது நான். தெரிந்தே பூட்டினேன். தட்டியதைக் கேட்டும் திறக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள் சார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மூன்று பேரும் உள்ளே போயிருப்பார்கள், கூரை அவர்கள் தலையில் விழுந்திருக்கும். மூன்று உயிரை நான் காப்பாற்றியிருக்கிறேன்.